உறங்கினால்தான் பரிசோதனை: குளோரல் வழிவந்த பழைய சிரப்பா, மூக்கில் விடும் புதிய மருந்தா?

குழந்தைக்கு ஒன்றரை வயது. வலிப்பு வந்ததால் இ.இ.ஜி. எனும் மூளை மின்னலைப் பதிவை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். தலையில் இருபதுக்கும் குறையாத மின்முனைகளைப் பசை தடவி ஒட்டி, அரைமணி நேரமாவது அசையாமல் வைத்திருந்தால்தான் அந்தப் பதிவைப் படிக்க முடியும். விழித்திருக்கும் குழந்தையோ மூன்றாவதை ஒட்டுவதற்குள் முதலாவதைப் பிய்த்து எறிந்துவிடுகிறது. அறைக்கு வெளியே சிறிய பிளாஸ்டிக் கோப்பையில் சிரப்பை வைத்துக்கொண்டு நிற்கும் தாய், "தூக்க மருந்துங்களா? ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்கிறார். மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்கிற நான் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டுவிட்டேன். "ஆகாது" என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு இன்னும் மனம் வருவதில்லை. எந்த மருந்து, எவ்வளவு, எந்தப் பரிசோதனைக்கு, எந்த இடத்தில் வைத்து, யார் பார்த்துக்கொள்ளும்போது என்பவற்றைப் பொறுத்தே அதற்கான பதில் அமைகிறது.

வலியில்லாத, ஆனால் அசையாமல் கிடக்க வேண்டிய பரிசோதனைகளுக்காகக் குழந்தையை உறங்கவைக்க நம் ஊர் மருத்துவமனைகளில் இன்று பெரும்பாலும் நான்கு வழிகள் கையாளப்படுகின்றன. மருந்தின்றி இயல்பான தூக்கத்தை வரவழைப்பது முதல் வழி. குளோரல் ஹைட்ரேட்டின் வழிவந்த ட்ரைக்ளோஃபாஸ் சிரப் இரண்டாவது. மிடசோலம் மூன்றாவது, டெக்ஸ்மெடிடோமிடின் நான்காவது. எது விரைவில் தூங்கவைக்கிறது என்று மட்டும் பார்த்து இவற்றை வரிசைப்படுத்துபவர்கள் அதிகம். என் கணக்கில் அது மூன்றாம் இடத்துக் கேள்விதான். அந்த மருந்து பரிசோதனையின் முடிவையே மாற்றிவிடுமா என்பதையும், பரிசோதனை முடிந்தபின் குழந்தை எப்போது முழுதாக விழிக்கும் என்பதையும் முதலில் பார்க்க வேண்டும்.

பழையதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதன் வேதியியல் புரிந்தால் மற்றவற்றோடு ஒப்பிடுவது எளிதாகிவிடும். 1832-இல் ஜெர்மனியின் கீசென் நகரில் யுஸ்டுஸ் ஃபான் லீபிக், எத்தனால் வழியே குளோரின் வாயுவைச் செலுத்திக் குளோரல் என்ற எண்ணெய் போன்ற திரவத்தைப் பெற்றார். அதில் தண்ணீர் சேர்ந்தால் நிறமற்ற படிகமாக உறைகிறது. அதுவே குளோரல் ஹைட்ரேட். பள்ளி வேதியியலில், ஒரே கார்பனில் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் அமர்ந்தால் அந்த மூலக்கூறு நிலைக்காது, நீரை உதறிவிட்டு ஆல்டிஹைடாகத் திரும்பிவிடும் என்று படித்திருப்போம். அந்த விதிக்குப் பாடநூல்கள் தவறாமல் காட்டும் விலக்கு இந்தப் பொருள்தான். அடுத்த கார்பனில் உட்கார்ந்திருக்கும் மூன்று குளோரின் அணுக்கள் எலக்ட்ரான்களைத் தம் பக்கம் வலுவாக இழுப்பதால், ஆல்டிஹைடு வடிவம் நிலையிழந்து, நீர் சேர்ந்த வடிவமே நிலைபெறுகிறது. பி.ஃபார்ம் படித்தவர்களுக்கு இது வேறொரு வகையிலும் பழக்கமான பொருள்: மூலிகைத் தூளை நுண்ணோக்கியில் பார்க்கும் முன், செல்களுக்குள் இருப்பவற்றைக் கரைத்துத் தெளிவாக்க அதன்மேல் ஒரு சொட்டு குளோரல் ஹைட்ரேட் கரைசலை விட்டுச் சூடாக்கியதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இது மருந்தான கதை ஒரு பிழையில் தொடங்குகிறது. காரக் கரைசலில் குளோரல் உடைந்து குளோரோஃபார்மும் ஃபார்மேட்டும் உண்டாகும் என்பது சோதனைக்குழாயில் உறுதியான செய்தி. இரத்தமும் சற்றே காரத்தன்மை உடையது. ஆகவே குளோரலைக் கொடுத்தால் உடலுக்குள் குளோரோஃபார்ம் சிறிது சிறிதாக ஊறி உறக்கத்தைத் தரும் என்று பெர்லினில் ஆஸ்கர் லீப்ரைஷ் கருதினார். 1869-இல் கொடுத்தும் பார்த்தார். நோயாளிகள் உறங்கினார்கள், ஆனால் அவர் நினைத்த காரணத்தால் அல்ல. கல்லீரலிலும் இரத்தச் சிவப்பணுக்களிலும் இருக்கும் ஆல்கஹால் டீஹைட்ரோஜினேஸ் என்ற நொதி, குளோரல் ஹைட்ரேட்டைச் சில நிமிடங்களிலேயே ட்ரைக்ளோரோஎத்தனாலாக மாற்றிவிடுகிறது. மூளையில் நரம்புச் செல்களின் கிளர்ச்சியைத் தணிக்கும் காபா-ஏ ஏற்பிகளின் அடக்கும் செயலைக் கூட்டி உறங்கவைப்பது இந்த ட்ரைக்ளோரோஎத்தனால்தான். அன்று கையிலிருந்த அபினியோடும் புரோமைடோடும் ஒப்பிட்டால் இது விரைவாகவும் நம்பகமாகவும் வேலை செய்தது. ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்ட முதல் தூக்க மருந்து என்ற பெயரும் இதற்குக் கிடைத்தது. 

ஒப்பீட்டுக்கு வேண்டியது ட்ரைக்ளோரோஎத்தனாலின் ஆயுள். மருந்து கொடுத்து ஏறத்தாழ அரைமணியில் குழந்தை உறங்கும். ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் எழுந்தும் விடும். ஆனால் இரத்தத்தில் இருக்கும் ட்ரைக்ளோரோஎத்தனால் பாதியாகக் குறையவே எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கிறது. பிறந்த சில நாட்களே ஆன குழந்தைகளில், குறிப்பாகக் குறைமாதக் குழந்தைகளில், ஒரு நாளுக்கு மேலும் நீள்கிறது. அதாவது காலை பத்து மணிக்கு மருந்து குடித்து, பன்னிரண்டு மணிக்குக் கண் திறந்து சிரிக்கும் குழந்தையின் உடலில் அன்று இரவிலும் மருந்தின் ஏறத்தாழ பாதி அப்படியே இருக்கிறது. தூண்டுதல் இருக்கும்வரை விழித்திருக்கும். ஆட்டோவின் ஆட்டத்தில் மீண்டும் உறங்கிவிடும். போதாததற்கு, இன்னொரு கழிவுப்பொருளான ட்ரைக்ளோரோஅசிட்டிக் அமிலம் பல நாட்கள் தங்கி, இரத்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமியையும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகளையும் இடம்பெயர்க்கிறது. மஞ்சள் காமாலை உள்ள பச்சிளங்குழந்தைக்கு இந்த மருந்தைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

மதுவும் குளோரலும் ஒரே நொதியை நாடுவதால் ஒன்றின் போதையை மற்றொன்று கூட்டுகிறது. தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் நீர்த்த கள்ளில் போதைக்காகக் குளோரல் ஹைட்ரேட் கலக்கப்பட்டதும், அதைக் குடித்துப் பழகியவர்கள் கள் கிடைக்காத நாட்களில் கைநடுக்கத்தோடும் வலிப்போடும் மருத்துவமனைக்கு வந்ததும் மருத்துவர்கள் அறிந்தவை. குழந்தைகளைப் பொறுத்தவரை அதைவிடக் கவலைக்குரிய ஒன்று உண்டு: அளவு மீறினால் ட்ரைக்ளோரோஎத்தனால் இதயத் தசையை அட்ரீனலினுக்கு மிகையாகத் துடிக்கும்படி ஆக்கி, தாறுமாறான இதயத்துடிப்பை உண்டாக்கக்கூடும். இதற்கென்று நம்பத்தக்க மாற்று மருந்து கிடையாது. மூச்சைத் தாங்கிப் பிடித்து, தேவையானால் இதயத்தில் அட்ரீனலினின் செயலைத் தடுக்கும் பீட்டா தடுப்பான் மருந்தைக் கொடுத்து, உடல் தானாக அதை வெளியேற்றும்வரை காத்திருக்க வேண்டும்.

நம் மருந்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் குளோரல் ஹைட்ரேட் அல்ல, ட்ரைக்ளோஃபாஸ். அது ட்ரைக்ளோரோஎத்தனாலோடு பாஸ்பேட் சேர்ந்த எஸ்டர். குடலில் பாஸ்பேட் கழன்று அதே ட்ரைக்ளோரோஎத்தனால் கிடைக்கிறது. குளோரல் ஹைட்ரேட்டுக்கு உரிய கார நெடியும் கசப்பும் வயிற்றெரிச்சலும் இதில் மிகக் குறைவு என்பதால், குழந்தை வாந்தி எடுப்பதும் குறைவு. இது சிறிய நன்மை அல்ல. பாதி மருந்தைக் கக்கிவிட்ட குழந்தையின் வயிற்றில் எவ்வளவு நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. முழு அளவை மறுபடி கொடுப்பதும் ஆபத்து, கொடுக்காமல் விட்டால் பரிசோதனையும் நடக்காது.

ஆனால் இந்த இரண்டு பெயர்களுக்கு இடையில்தான் அளவுப் பிழை ஒளிந்திருக்கிறது. ஒரு கிராம் ட்ரைக்ளோஃபாஸ் ஏறத்தாழ 600 மி.கி. குளோரல் ஹைட்ரேட்டுக்குச் சமம். இரண்டுமே 5 மி.லி.க்கு 500 மி.கி. என்ற வலிமையில் தயாரிக்கப்படுவதால், பத்துக் கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 50 மி.கி. என்று கணக்கிட்டால் இரண்டிலும் 5 மி.லி. என்றே வரும். அந்த 5 மி.லி. ட்ரைக்ளோஃபாஸில் இருப்பது 300 மி.கி. குளோரலுக்கு ஈடான மருந்து மட்டுமே. குழந்தை உறங்கவில்லை என்று இன்னும் ஒரு மூடி ஊற்றுவதும், வெளிநாட்டுக் கட்டுரையில் குளோரலுக்குச் சொன்ன அளவைப் பெயர் பார்க்காமல் எடுத்துக்கொள்வதும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. மூடியாலோ வீட்டுக் கரண்டியாலோ அளக்கவே கூடாது. ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விட வேண்டும். தூசிலும் காற்றிலும் ஒளி சிதறுவதை ஆராய்ந்து புகழ்பெற்ற ஜான் டிண்டால் 1893-இல் இறந்தது, வயிற்றுக்காக எடுத்துக்கொள்ளும் மக்னீசியாவுக்குப் பதிலாக அவருடைய மனைவி தவறுதலாகக் குளோரலை அளந்து கொடுத்துவிட்டதால்தான்.

மேலை நாடுகளில் இந்த மருந்தின் பிடி தளர்ந்துவிட்டது. அமெரிக்காவில் 2012-இல் குளோரல் ஹைட்ரேட் சிரப்பின் வணிக உற்பத்தி நின்றது. அதன்பின் மருந்தகங்கள் தூளிலிருந்து தாமே கரைத்துக் கொடுத்தால்தான் உண்டு. பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2021-இல், குழந்தைகளின் தூக்கமின்மைக்கு இதைத் தருவதை நரம்பு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களின் கடுமையான தூக்கமின்மைக்கு, அதுவும் குறுகிய காலத்துக்கு மட்டும் என்று சுருக்கியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதனை, மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு மிகுந்தவை என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. ஒருமுறை கொடுக்கும் அளவால் புற்றுநோய் வரும் என்று பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால் குழந்தை இரவில் தூங்கவில்லை என்று வாரக்கணக்கில் இந்தச் சிரப்பைப் புகட்டுவதற்கு எதிராக இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

அடுத்தது மிடசோலம். பலர் முதலில் நினைக்கும் மருந்து இதுவாக இருந்தாலும், இந்த வேலைக்கு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத மருந்தும் இதுவே. அமிலக் கரைசலில் நீரில் கரையும்படியும், உடலின் இயல்பான காரத்தன்மையில் வளையம் மூடிக் கொழுப்பில் கரையும்படியும் அமைந்த அழகான மூலக்கூறு அது. அதனால்தான் ஊசிக்குப்பியில் கரைந்து நிற்கிறது, மூளைக்குள்ளும் விரைந்து நுழைகிறது. ஆனால் அதே அமிலத்தன்மைதான் மூக்கில் விடும்போது குழந்தையை அலற வைக்கிறது. மி.லி.க்கு 5 மி.கி. உள்ள குப்பியாக இருந்தால் பத்துக் கிலோ குழந்தைக்கு அரை மி.லி.க்குச் சற்று கூடுதலாக எடுத்து இரு நாசியிலும் பிரித்து விட்டுவிடலாம். கையில் இருப்பது மி.லி.க்கு 1 மி.கி. குப்பி என்றால் மூன்று மி.லி. விட வேண்டியிருக்கும், அது மூக்கில் நிற்காமல் தொண்டைக்கு ஓடிவிடும். அதைவிட முக்கியமாக, மிடசோலம் பயத்தைப் போக்குமே தவிர உறக்கத்துக்கு உறுதி தராது; சில குழந்தைகள் அமைதியாவதற்குப் பதில் வெறிபிடித்ததுபோல் அழுது உதைப்பதும் உண்டு. இ.இ.ஜி.க்கோ இது அறவே ஆகாது, ஏனெனில் மிடசோலம் சேர்ந்த பென்சோடயசெபின் வகை மருந்துகள் வலிப்பின் கூர்முனை அலைகளை அடக்கி, பதிவு முழுவதும் வேக அலைகளை நிரப்பிவிடும். எதைத் தேடி வந்தோமோ அதையே அழித்துவிட்டுத் தேடுவது போன்றது அது. ஊசி குத்துவதற்கு முன்னும், தையல் போடும்போது மரப்பு மருந்தோடு சேர்த்தும் மிடசோலத்துக்கு நல்ல இடம் உண்டு. ஃப்ளூமசெனில் என்ற மாற்று மருந்து இருப்பது அதன் பெரும்பலம்.

டெக்ஸ்மெடிடோமிடின் வந்தபின் நிலைமை உண்மையிலேயே மாறிவிட்டது. 1999-இல் அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவிலுள்ள பெரியவர்களுக்காக அனுமதிக்கப்பட்ட இந்த மருந்துக்கு, வலியற்ற பரிசோதனைகளின்போது குழந்தைகளுக்கு நரம்பு வழியே கொடுக்கவும் 2022-இல் அங்கு அனுமதி கிடைத்தது. மூக்கு வழியே கொடுப்பது மட்டும் அனுமதி பெற்ற பயன்பாட்டுக்கு வெளியே, மருத்துவரின் பொறுப்பில் நடப்பதுதான். இது காபாவைத் தொடுவதில்லை. மூளைத்தண்டில் விழிப்பைக் காக்கும் லோகஸ் செருலியஸ் என்ற பகுதியில் ஆல்ஃபா-2 ஏற்பிகள் வழியாக நார்அட்ரீனலின் சுரப்பைக் குறைப்பதால், இயல்பான தூக்கத்தின் இரண்டாம் நிலையை ஒத்த உறக்கம் வருகிறது. ஆகவே இ.இ.ஜி.யில் தூக்கத்துக்குரிய அலைகளே தெரிகின்றன, வலிப்பு அலைகள் பெரும்பாலும் மறைவதில்லை. மூச்சை அடக்குவது மற்ற மருந்துகளைவிடக் குறைவு.

இந்த மருந்தை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தால் சிரப்பின் மீதுள்ள பாசம் குறைந்துவிடும். மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் உள்ள குப்பியிலிருந்து பத்துக் கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு மூன்று மைக்ரோகிராம் வீதம் எடுத்தால் மொத்தம் 0.3 மி.லி. வருகிறது; ஒரு மி.லி. சிரிஞ்சின் கால் பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். நிறமில்லை, மணமில்லை, எரிச்சலில்லை. தாயின் மடியில் மல்லாந்து கிடக்கும் குழந்தையின் ஒவ்வொரு நாசியிலும் பாதிப்பாதியாகத் தெளித்தால் ஒரு தும்மலோடு முடிந்துவிடும். பிறகு காத்திருக்க வேண்டும். இருபது நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று பொறுமை இழப்பவர்கள் உண்டு. முப்பது, நாற்பது நிமிடம் வரைகூட ஆகலாம். குறைகளும் இல்லாமல் இல்லை. இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் குறையும். இதயத்தின் மின்கடத்தலில் அடைப்பு உள்ள குழந்தைக்குத் தரக்கூடாது. மனிதர்களுக்கென அனுமதி பெற்ற மாற்று மருந்து இதற்கும் இல்லை. விலையும் சிரப்பைவிட அதிகம். சிரப்பைப் போல வார்டு அலமாரியிலேயே வைத்திருக்க முடியாமல், அறுவை அரங்கின் மருந்துப் பெட்டியிலிருந்து கேட்டு வாங்க வேண்டிய நிலை பல இடங்களில் இருக்கிறது.

மருந்தில்லா வழியை நான் கடைசியாகச் சொல்வது அது தாழ்ந்தது என்பதால் அல்ல. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எக்கோவோ (இதய ஒலியலைப் படம்) பெராவோ (செவித்திறன் சோதனை) எடுப்பதற்கு, பசியாறப் பாலூட்டித் துணியில் இறுகச் சுற்றி மங்கிய வெளிச்சத்தில் படுக்கவைத்தாலே பெரும்பாலும் போதும். சற்றுப் பெரிய குழந்தைக்கு முந்தைய இரவு தாமதமாக உறங்கவைத்து விடியலில் எழுப்பிவிடுவது பழக்கம், இ.இ.ஜி.யில் வலிப்பு அலைகள் வெளிப்படவும் இந்தத் தூக்கக்குறைவு உதவுகிறது. இது தோற்பது பெரும்பாலும் பேருந்தில்தான். நான்கு மணிக்கே எழுப்பிய குழந்தை வழியில் ஒரு மணி நேரம் நன்றாக உறங்கி, மருத்துவமனை வாசலில் புத்துணர்ச்சியோடு இறங்கும். வெளியூரிலிருந்து வருபவர்களுக்குப் பிற்பகல் நேரம் கொடுத்து, மதியத் தூக்கத்தோடு பரிசோதனையைப் பொருத்துவது எந்தச் செலவும் இல்லாத ஏற்பாடு. உடலின் தூக்க ஹார்மோனான மெலடோனினை வாய்வழியாகவும் இதோடு சேர்க்கலாம். தானாக வரவிருக்கும் தூக்கத்தை அது சற்று முன்னுக்கு இழுக்கும், அலைகளைக் கெடுக்காது. ஆனால் முரண்டு பிடிக்கும் குழந்தையிடம் அது எடுபடாது.

இந்த நான்கில் தேர்வு செய்வது எப்படி? முதலில் மருந்தே தேவையா என்று கேட்க வேண்டும், இன்றைய சி.டி. கருவிகள் சில நொடிகளில் படமெடுத்துவிடுவதால் பெரும்பாலும் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு உட்பட்டவர்களுக்குப் பாலும் துணியுமே முதல் முயற்சி. அதற்கு மேல் மூன்று வயதுவரை, இ.இ.ஜி., எக்கோ, பெரா ஆகியவற்றுக்கு, இதயத்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் தொடர்ந்து கண்காணிக்கும் கருவியும் ஆளும் இருந்தால் மூக்குவழி டெக்ஸ்மெடிடோமிடினையே நான் முன்வைப்பேன். அது கிடைக்காத இடத்தில் ட்ரைக்ளோஃபாஸ் இன்னும் மதிப்பிழக்காத மருந்துதான்: வாயில் கொடுத்தால் போதும், ஊசி வேண்டாம், விலை குறைவு, இந்த வயதில் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. வயது கூடக்கூட அதன் வெற்றி குறைவதால் ஐந்து வயதுச் சிறுவனுக்கு அதை ஊற்றி ஊற்றிப் பார்ப்பது வீண். அவனுக்கும், இரைச்சலோடு முக்கால் மணி நேரம் நீளும் எம்.ஆர்.ஐ.க்கும் மயக்கவியல் மருத்துவரை அழைப்பதே முறை. வலி தரும் எந்தச் செயலுக்கும் குளோரல் வழி மருந்து உதவாது. அதற்கு வலி நீக்கும் குணம் கிடையாது, வலித்தால் குழந்தை துள்ளி எழுந்துவிடும்.

குறட்டை விடும், டான்சில் பெருத்த குழந்தை, டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை, கல்லீரல் நோயோ இதயத் துடிப்புக் கோளாறோ உள்ள குழந்தை, சளியும் மூச்சிரைப்பும் உள்ள குழந்தை ஆகியோரை இந்தப் பட்டியலில் எங்கும் சேர்க்காமல் தனியே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எல்லாக் குழந்தைகளுக்குமே மருந்துக்கு முன் ஆறு மணி நேரம் திட உணவும் பசும்பாலும், நான்கு மணி நேரம் தாய்ப்பாலும், இரண்டு மணி நேரம் தண்ணீரும் கூடாது.

பலமுறை பார்த்த ஒரு பழக்கத்தோடு எனக்குச் சமாதானமே இல்லை: "வரும்போதே வீட்டில் கொடுத்துக் கூட்டிவந்துவிடுங்கள்" என்று சிரப்பைச் சீட்டில் எழுதிக்கொடுப்பது. அறையில் நேரம் மிச்சமாகிறது என்பது உண்மைதான். ஆனால் குளோரல் தொடர்பான குழந்தை மரணங்களில் கணிசமானவை, கண்காணிப்பு தொடங்குவதற்கு முன் வழியிலோ, முடிந்த பின் வீடு திரும்பும்போதோ நேர்ந்தவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல், தூக்க மருந்தை வீட்டில் கொடுக்கவே கூடாது என்கிறது. இரு சக்கர வாகனத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே உட்காரவைத்த குழந்தையின் தலை மார்பில் சாய்ந்து தொங்கினால், குறுகிய மூச்சுப்பாதை மடங்கிவிடும். முன்னால் ஓட்டுபவருக்கு அது தெரியாது, பின்னால் இருப்பவர் "தூங்குது" என்று நினைத்துக்கொள்வார்.

அதனால் சிரப்பைத் தேர்ந்தெடுத்தால் வீடு திரும்பும் நேரத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். கண் திறந்துவிட்டது என்பது போதாது. சத்தமில்லாத அறையில், யாரும் தட்டியெழுப்பாமல், இருபது நிமிடமாவது குழந்தை தானாக விழித்திருக்க வேண்டும்; வழக்கம்போல உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை விழுங்க வேண்டும். திரும்பும் வழியில் ஓட்டுநரைத் தவிர இன்னொரு பெரியவர், குழந்தையின் தலையை நிமிர்த்திப் பிடித்து, மூச்சை மட்டுமே கவனித்தபடி உடன் இருக்க வேண்டும். அன்று மாலை குழந்தை உறங்கினால் இடையிடையே தொட்டு எழுப்பிப் பார்க்க வேண்டும். எழுப்பியும் எழாவிட்டாலோ, உதடு நீலமானாலோ, மூச்சில் குறட்டை போன்ற தடை கேட்டாலோ காத்திருக்காமல் அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். போகும்போது சிரப் பாட்டிலையும், எத்தனை மி.லி. எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று எழுதிய சீட்டையும் கையோடு எடுத்துச்செல்ல வேண்டும்.